கடுகண்ணாவை ஞாயிறுகள்

2025 மார்ச் 5
மறதி வருகிறதோ என்று பயந்துதான் கண்டிக்கு டொக்டரிடம் போகத் தொடங்கினேன். மூன்றாம் தடவை இன்று. "மறதி வயசுக்குத் தக்கதுதான், டீச்சர். ஆனா உங்களுக்கு ஓட்டிசம் இருக்கு. பிறந்ததிலேயிருந்து" என்றார். அறுபத்தொரு வயதில்! வத்தேகம பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஏனோ நிம்மதி. கூட்டம் என்றால் ஓடி ஒளிந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பிரேமிளா அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
"தெரியுமே. நீ சின்னதா இருக்கையிலேயே ஒரு டொக்டர் அப்பாகிட்ட சொன்னாரு, இந்தப் புள்ளை ஒரு மாதிரின்னு."
எனக்கு ஏன் சொல்லவில்லை?
"சொல்லி என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றப்பெல்லாம் அப்பா உன்னைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிட்டுப் போனாரே, எதுக்குன்னு நெனச்ச?"
கோச்சி பார்க்க, மலையேறும் ரயிலைப் பார்க்க. அதற்குத்தான் என்று நினைத்தேன்.

மார்ச் 10
அப்பா, நீங்களுமா?

மார்ச் 14
உட்கார ஸ்டேஷன் வாங்கு, கையில் கடலைச்சுருள், வளைவில் மூச்சுவாங்கி ஏறும் கோச்சி, பக்கத்தில் அப்பா. என்னோடு இருக்க ஒருவர் விரும்பினார் என்பதற்கு எனக்கிருந்த சாட்சி அது ஒன்றுதான். இப்போது கண்ணை மூடினால் அவர் கோச்சியைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் — வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போயிருப்பார்களா என்று.
உண்மையில் பார்த்தாரா? அல்லது அக்கா சொன்ன பிறகு நானே அவர் கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டிவிட்டேனா? மனிதர்களைப் புரிந்துகொள்ள முடியாவிட்டாலும் நடந்தது நடந்தபடி என்னிடம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். இந்த வயதில் அதுவும் கைவிடுகிறது.

மார்ச் 20
அக்கா எனக்கு ஃபோன் எடுத்தாள். கடைசி மகள் துஷானியை ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம்.
"நீ அடுத்த வாரம் வா, பாலா. அன்னைக்குச் சனம் கூட. உனக்குச் சத்தம் ஒத்துக்காதுல்ல."
ச்சீ! என்ன அக்கறை! அதே வேலை. கூட்டிட்டுப் போக அப்பா இல்ல, அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு
போனேன்.
"இவங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.
"தெரிஞ்சவங்க. டீச்சர்" என்றாள் அக்கா.
முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. பலகாரத் தட்டைப் பார்த்துச் சொன்னேன்: "கூடப்பிறந்த தங்கச்சி. எனக்கு ஓட்டிசம். பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு என்னை வீட்ல வச்சுக்க மாட்டாங்க. இன்னைக்கு நானா வந்தேன்."
துஷானி எழுந்து வந்து, தன் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 24
அக்கா ஃபோனில் கத்தினாள். "என் மகள் வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!" நான் வைத்துவிட்டேன்.

ஜூன் 8
கல்யாணக் கார்ட்டைத் துஷானியே கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே சம்மதம் சொல்லிவிட்டார்களாம்.
"அம்மா வேனுக்குள்ள இருக்காங்க, சித்தி. இறங்கச் சொன்னா இறங்க மாட்டேங்கிறாங்க."
நானும் வெளியே போகவில்லை. அக்காவுக்குத் தேநீர் ஊற்றி அவளிடம் கொடுத்தனுப்பினேன். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. கழுவி வைத்தேன்.