தூக்கலாமாம்

ஆஷிஃபாவுக்கு,

போனில் சொல்ல வந்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதி, இன்று சாயங்காலம் அங்கே வரும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். முதலில் நான் சாப்பிட்ட காசநோய் மாத்திரைகளைத் தாங்க அந்தக் கிருமி பழகிவிட்டது அல்லவா? ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டட்டும் என்று புது மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தார்களே, அவை ஜெயித்துவிட்டன. சளியில் கிருமியே இல்லை. ஆறு மாத மருந்தும் முடிந்தது.

"இனிமே பாப்பாவைத் தூக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"இன்னுமா தூக்கல? ரெண்டு மாசம் முன்னாடியே தூக்கலாம்னு சொன்னேனேபா" என்று சிரித்தார்.

சொன்னார்தான். காதில் விழுந்தது, கைதான் துணியவில்லை.

கடைக்கு வந்ததும் நாலு பட்டுப் புடவைகளைத் துண்டில் சுற்றி, பிள்ளை மாதிரி தூக்கிப் பார்த்தேன். கூட வேலை செய்யும் ரஷீத் பாய் பார்த்துவிட்டார். "தலையைப் பிடிபா, தொங்கிக்கினு இருக்குது" என்றார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

நாளை விடியற்காலை பஸ்ஸிலேயே கூரத்துக்கு வருகிறேன். என்னைப் பார்த்து அவள் அழுதால், எப்போதும்போல வாசலிலேயே நின்றுவிடுவேன். நீ விடாதே. அழ அழக் கையில் கொடுத்துவிடு.

உன் வீட்டுக்காரன்,
அவளுடைய அத்தா