கப்பல் லாட்ஜில் அடுத்தடுத்த கேபின்கள்

கரமனை
வியாழக்கிழமை

அன்பு மகள் சூடாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஆறுமுகமும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போன கடிதத்தில் நீ அதை எழுதவில்லை. கல்யாணமாகிப் பிலாய்க்குப் போன நாள் முதல் நலம் விசாரிக்காமல் நீ கடிதம் தொடங்கியதில்லை. இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே, கல்லாற்றில் புதிதாகப் பூங்கா திறந்திருக்கிறார்களாமே, தம்பியோடு போய்வாருங்கள் அப்பா, நல்ல காற்று என்று இருந்தது. பிலாயில் இருப்பவளுக்குக் கல்லாற்றுக் காற்றைப் பற்றி யார் சொன்னது. ஏஜீஸ் ஆபீசில் தணிக்கைப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்குச் சந்தேகப்பட இது போதும். ஆனாலும் போனேன். நடந்ததை எழுதுகிறேன். கடைசியில் ஒன்று கேட்பேன். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்.

வித்துரா தாண்டிக் கல்லாற்றங்கரையில் ஷார்ஜாவிலிருந்து திரும்பிய ஒரு முதலாளி குழந்தைகளுக்கென்று கட்டிய பூங்கா அது. பொம்மை ரயில், சிமெண்ட் யானை, அதன் தும்பிக்கை வழியாகச் சறுக்கு, பெரிய ராட்டினம். நம் வீட்டில் குழந்தை இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் எதற்குச் சிமெண்ட் யானையைப் பார்க்கப் போகவேண்டும், அதுவும் அங்கேயே தங்கி என்று கேட்டேன். 'சும்மா ஒரு சேஞ்சுக்குப்பா' என்றான் ஆறுமுகம். கன்னியாகுமரிக்குக் கூப்பிட்டால் பேங்கில் லீவு இல்லை என்பவன். கிளம்புவதற்கு முந்தின நாள் தலைச்சாயம் வாங்கிவந்து என் மேஜைமேல் வைத்தான். அவனுக்கு நரை இல்லை. அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். இவனுக்கு எங்கேயோ பெண் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடிக்காமல் போனால் பெண்ணுக்குக் குறை என்று இப்போதெல்லாம் கோயிலிலோ பூங்காவிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்தது போல ஏற்பாடு செய்கிறார்கள் அல்லவா, அப்படி. மாப்பிள்ளையின் அப்பா கிழவனாகத் தெரியக்கூடாது, அதற்குச் சாயம். என்னிடம் ஏன் மறைக்கவேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. சாயத்தைப் பூசவில்லை.

பூங்காவை ஒட்டிய லாட்ஜும் அதே முதலாளியுடையது. வாடகை குறைவு. கட்டடம் கப்பல் மாதிரி. முன்பக்கம் கூர்மை. மேலே புகைபோக்கி, அதில் சமையலறைப் புகை நிஜமாகவே வருகிறது. சுற்றிலும் ரப்பர் மரம். அறை என்று சொல்லக்கூடாதாம், கேபின். வட்ட ஜன்னல், ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில், சுவரில் சிவப்பும் வெள்ளையுமாக உயிர்காக்கும் வளையம். தொட்டுப் பார்த்தேன், லாரி டியூப். தண்ணீர் கொண்டுவந்த இசக்கி மாலுமித் தொப்பி போட்டிருந்தான், ஆலங்குளத்துக்காரன். கடலில் போயிருக்கிறாயா என்று கேட்டேன். 'கடலை நான் பாத்ததே இல்ல சார். தொப்பி போடாட்டா சம்பளத்துல பிடிக்காங்க' என்றான். அன்று முழுவதும் அங்கே உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். மானேஜரைக் கேப்டன் என்று கூப்பிடவேண்டும். பக்கத்து கேபினில் யார் என்று சாதாரணமாகக் கேட்பது போல அவரைக் கேட்டேன். 'நாகர்கோவில் பார்ட்டியாக்கும். ரெண்டு கேபினும் ஒருமிச்சல்லே புக் செய்தது சாரே, ஒரே பேரில்' என்றார். ஆறுமுகம் அந்தப் பக்கம் திரும்பி ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகர்கோவில்காரர்கள் மூன்று பேர். வேலாயுதன் என்று ஒருவர், கூரை ஓட்டு வியாபாரம். அவருடைய மகள், காலேஜில் படிப்பவள். அவருடைய தங்கை பொன்னம்மை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் தற்செயலாக எல்லோருக்கும் ஒரே மேஜை. வேலாயுதன் 'அண்ணாச்சியும் நம்ம பக்கமாக்கும், மொகத்தைப் பாத்தாலே தெரியுது கேட்டேளா' என்று நன்றாகவே நடித்தார். பெண் லட்சணம். சிரிப்புதான் கொஞ்சம் கூடுதல். பெண்ணிடம் நேராகக் கேட்டால் நாடகம் கலைந்துவிடும், அத்தைக்காரியிடம் சொன்னால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைத்து நம் வீட்டு நிலவரத்தைப் பொதுவாகப் பேசுவது போலச் சொன்னேன். வீட்டில் பொம்பிளை இல்லை, ஆறு வருஷமாக ஆண்பிள்ளைச் சமையல். பெரியவர் ஒருவர் இருக்கிறார், சந்தேகப் பிராணி, பாலை விரல்விட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். சாப்பிடும்போது பேசமாட்டார். ரேடியோவை வேறு யாரும் தொடக்கூடாது. வருகிற பெண் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளவேண்டும். பொன்னம்மையும் சளைக்கவில்லை. 'எங்க வீட்டுலயும் ஒரு அத்தை உண்டு. நாள்முச்சூடும் ஊரார் பேச்சைக் கேட்டுக்கிட்டு வாறவ. வீட்டுக்கு வந்தா ஒருத்தரும் வாய் தொறக்கப்பிடாது. ஆரு பொய் சொன்னாலும் கொரல்லயே பிடிச்சிருவா. அவ வளத்த பிள்ளைகிட்டயும் அதெல்லாம் இருக்கும், பாத்துக்கிடுங்க' என்றாள். அப்படியானால் இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு சத்தமும் இருக்காது என்று அந்தப் பெண் நடுவில் சொல்லிவிட்டுக் குனிந்து சிரித்தாள். ஆறுமுகத்துக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்.

மறுநாள் காலையில் ராட்டினம். ஆறுமுகம் இரண்டு டிக்கெட் வாங்கிவந்து என் கையில் ஒன்றையும் பொன்னம்மை கையில் ஒன்றையும் வைத்தான். அவனுக்குத் தலை சுற்றுமாம். அந்தப் பெண்ணுக்குப் பயமாம். வேலாயுதனுக்குப் பிரஷராம். சின்னவர்களைத் தனியாக விடுவதற்குத்தான் இத்தனை நோய் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தி நிறுத்திச் சுற்றினார்கள். எங்கள் பெட்டி உச்சிக்குப் போய் நின்றது. கீழே குனிந்து பார்த்தேன். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை. அவளும் இவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலாயுதனும்.

பொன்னம்மையும் அதைத்தான் பார்த்திருக்கிறாள். 'அதுக ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கல்லியே, மேல நம்மளையாக்கும் பாக்குது' என்றாள். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்ததாகத்தான் அவளும் நினைத்திருந்தாளாம். ஏற்பாடு நம் இரண்டு பேருக்கும்தான் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். 'பொய்யில்ல, கொரல்ல தெரியுது' என்றாள். அதற்குமேல் அவள்தான் பேசினாள். அண்ணன் மகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த அம்மாள் யார், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். எனக்கும் ஒன்று அப்போதுதான் தோன்றியது. ஆறுமுகத்துக்குப் பம்பாய்க்கு மாற்றல் வந்து இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னால். அதைச் சொன்னேன். 'அப்போ ரெண்டு வீட்டுப் பழைய சாமானையும் ஒரே வண்டியில ஏத்திவிடப் பாக்காங்க' என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். உன் அம்மாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். உயரம் என்றால் உன் அம்மாவுக்குப் பயம் என்று. அவ்வளவுதான் சொன்னேன். அதைக் கேட்டதும் பொன்னம்மை கீழே பார்ப்பதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இறங்குவதற்குள் நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடித்தீர்கள், எங்களுக்கு நடிக்கத் தெரியாதா. பொன்னம்மை நேராகத் தன் அண்ணனிடம் போய், 'பையன் கொள்ளாம், நல்லவன்தான், ஆனா நம்ம பிள்ளைக்குக் கொஞ்சம் குட்டையாக்கும்' என்றாள். நான் ஆறுமுகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, பெண் ரொம்பச் சிரிக்கிறாள், உனக்கு ஒத்துவராது என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். காரியம் நடக்கவில்லை, அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று இதற்குள் உனக்கு எழுதியிருப்பான். புரிந்தது.

இப்போது கேட்கிறேன். இது எனக்காகச் செய்ததா, என்னை ஒருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டால் உங்கள் கவலை தீரும் என்று செய்ததா. இரண்டும் ஒன்றுதானே என்று எழுதாதே. ஒன்றில்லை. எனக்கு வேண்டியது துணையா காவலா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. இதை நினைத்து நினைத்துத்தான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கோபம் என்றும் சொல்லமுடியவில்லை. லாட்ஜை விட்டுக் கிளம்பும்போது பொன்னம்மை சொன்னது இது. 'அண்ணன் கேட்டா நான் பதில் சொல்லமாட்டேன். கேக்கணும்னு தோணிச்சுன்னா நீங்களே வந்து எங்கிட்ட கேளுங்க. சரின்னுதான் சொல்லுவேன்னு நெனைச்சுக்கிட்டு வராதீங்க.' ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு அவளுக்கு டூட்டி முடிகிறது. நாகர்கோவிலுக்குப் போகிறேன், தனியாக. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வேண்டாம் என்றால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், உங்கள் யாருக்கும் அதில் சம்பந்தமில்லை. நீ உண்மையை எழுது. என்ன எழுதினாலும் நான் அவளைக் கேட்ட பிறகுதான் அது என் கைக்கு வரும். அப்படி வரட்டும் என்றுதான் இன்றைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.

பேத்திக்கு மறுபடியும் காதுவலி வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தாணுமாலயன் துணையிருக்கட்டும். ஆறுமுகத்துக்கு ஒன்றும் எழுதவேண்டாம், கொஞ்சநாள் குழம்பட்டும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அவருக்கும் இதில் பங்கு உண்டு என்றால் காட்டு.

என்றும் உன் நன்மையை நினைக்கும் அப்பா,
பகவதிப்பெருமாள்