என்னைக் கேட்காமல் வரைந்த வயல்

ஒக்டோபர் 4
யுனிவர்சிட்டி கம்பஸிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் இன்று விவசாயிகளைக் கூட்டி வைத்துக் கேட்டார்களாம்: யார் என்ன நெல் விதைக்கிறார்கள், எந்த வயல் வீடாக மாறுகிறது என்று. கேட்டதை வைத்து ஊர் வயல்களைப் படமாக வரைந்தார்களாம். விவசாயிகள் என்றால் ஆம்பிளைகள்! என் வயலுக்கு என் புருசன் மிஹ்லார் பதில் சொல்லியிருக்கிறார். வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வயல். காணி உறுதிப் பத்திரம் என் பேரில்.

“பழைய நெல்லு இப்ப ஆரும் விதைக்கிறல்ல” என்று வேறு சொன்னாராம். வாய்க்கால் பக்கம் வருசா வருசம் நான் போடும் பழைய பச்சைப்பெருமாள் நெல் கண்ணில் படவில்லையா? நோன்பு முழுக்க அந்த அரிசிக் கஞ்சியைத்தானே குடிக்கிறார்!

ஒக்டோபர் 5
கேட்டேன். “நீ என்ன நூறு ஏக்கர் வெச்சிருக்கிற போடியாரா?” என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஒக்டோபர் 9
கம்பஸ் பிள்ளை உசாந்தினி, தம்பிலுவில்காரி, படத்தைச் சரிபார்க்க வந்தாள். என் வயல் முழுக்கச் சிவப்பு.

“சிவப்பெண்டா என்ன புள்ள?”

“வீடு கட்டப் போற காணி. உங்கட அவர்தான் சொன்னவர்.”

மகள் அம்ஹாவின் கலியாணத்துக்கு வீடு கொடுக்க வேண்டும், எங்கள் வழக்கம், சரி. அதற்கு வயலை மண் போட்டு மூடுவதா? ஊருக்கெல்லாம் சொன்னவர் எனக்குச் சொல்லவில்லை!

“காணி ஆருட எண்டு கேட்டயா?” கத்திவிட்டேன்.

“கேக்கல்ல ராத்தா. பிழைதான்.”

பிழை என்று சொன்னால் ஆச்சா?

ஒக்டோபர் 14
உசாந்தினி எங்கள் முற்றத்தில் பெண்களைக் கூட்டினாள். எல்லாரும் சீதன வயல்காரிகள். ஒருத்தியையும் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆமினா உம்மா பொரிந்து தள்ளினா: “பக்கத்து வயல மூடினாங்க. போன மாரி முழுக்க என்ட அடுப்படிக்குள்ள தண்ணி!”

படத்தில் என் வயலை நானே பச்சையாக்கினேன். அழுத்திய அழுத்தில் பென்சில் முறிந்தது.

ஒக்டோபர் 17
வயலை மூடக் கிரவல் மண் லொறி வந்தே விட்டது. வழிமறித்து நின்றேன். “உறுதி என்ட பேர்ல. திருப்பு!”

“அப்ப மகளக் கலியாணமில்லாமக் குமராவே வெச்சிருக்கப் போறியா?” மிஹ்லார் எல்லாருக்கும் முன்னால் கத்தினார்.

என் நெஞ்சில் கிடந்த பயமும் அதுதான். ஆனாலும் நகரவில்லை. லொறி போன பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரத்தில்தான்.

ஒக்டோபர் 18
அம்ஹா தன் வாப்பாவிடம் சொன்னாள்: “இந்த ஊட்டுக்கு மேல ஒரு மாடித் தட்டுப் போட்டுத் தாங்க. எனக்குப் பேசின மாப்பிளக்கிட்டயும் கதைச்சிட்டன், ஓமெண்டுட்டார்.”

அடி கள்ளி!

நவம்பர் 6
விதைப்பு முடிந்தது, மழையும் வந்துவிட்டது. மிஹ்லார் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நானும்தான்.

பின்னேரம் கம்பஸிலிருந்து அவருக்குப் போன். வாசலில் நின்று கதைத்தது கேட்டது.

“என்ன நெல்லு விதைச்சதெண்டு கேக்கீங்களா? எனக்கிட்ட ஏன் கேக்கீங்க? வயல்காரி உள்ள நிக்கிறா.”

உள்ளே வந்து போனை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.