காருக்கு நீங்கள் மாட்டிய ஸ்பீக்கர்

பக்கத்து வீட்டில் எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஈயம் உருகுகிற வாசனை ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்துவிட்டது. தாளிக்க எடுத்த கடுகைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்குக்கூட நீங்கள் இல்லை.

ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில், செய்த சரக்கு ஒழுங்காக வெடிக்கிறதா என்று பொட்டலில் கொளுத்திப் பார்க்கிற வேலை உங்களுக்கு. அதிலேயே இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. பஞ்சு வையுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பஞ்ச வச்சுக்கிட்டா சத்தம் சரியா இருக்கான்னு எப்புடித் தெரியும்?" என்பீர்கள். உங்களிடம் பேசி யார் ஜெயித்தது? மிச்சமிருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லும் முன்பே, நர்ஸாக இருக்கிற எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் நம் பழைய காருக்குப் பெரிய ஸ்பீக்கர் மாட்டப் போகிறேன் என்று ஆரம்பித்தீர்கள். கடையில் கொடுங்களேன் என்றதற்கு, "எனக்குக் கை இல்லையா?" என்று ஒரு முறைப்பு.

சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வேலைக்குப் போய்விட்டு வந்தீர்கள். "உடம்புல மருந்துத் தூசி இருக்கும் புள்ள, நெருப்புக்கிட்டப் போகக் கூடாது" என்று தலைக்குக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் ஈயம் உருக்குகிற கம்பியை எடுத்தீர்கள். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பிலுள்ள கரண்ட் இறங்கட்டும் என்று வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவீர்களே, அதே பழக்கத்தில் தண்ணீர்க் குழாயை வேறு தொட்டுவிட்டுக் காரிடம் போனீர்கள்.

"காருக்கு என்ன பூசையா பண்றீக?" என்று கத்திக் கேட்டேன். சிரித்தீர்கள்.

பேட்டரி வயரைக் கழற்றி, கதவு அட்டையைப் பிரித்து, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையரைத் தள்ளி ஒருவழியாக முடித்தீர்கள். ஸ்பீக்கர் வயரை மட்டும் பட்டாசுத் திரி போல வெறும் கையால் முறுக்கிவிட்டதில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே பிரித்து ஈயத்தால் பற்றவைத்தீர்கள். பிறகு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள்.

சினிமாப் பாட்டு வரும் என்று நினைத்தேன். சர்ச்சில் நான் பாடிய கீர்த்தனை வந்தது. எப்போதுதான் போனில் பிடித்தீர்களோ!

"காது போறதுக்குள்ள உன் பாட்ட ஒருக்கா முழுசாக் கேட்டுரணும் புள்ள."

இதற்காகவா இவ்வளவு பாடு! அதிர்கிற கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். பாட்டு முடிந்தது. போன் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். உங்கள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த எடத்துல என்னமாப் பாடியிருக்க!"

"ஆமா, நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துப் பாடினேன். இந்தத் தடவை தலை ஆடவில்லை. "இதுதான் நீ" என்றீர்கள். மாரடைப்பு வந்து நீங்கள் போகிற வரைக்கும் தினமும் அப்படித்தான் பாடினேன்.

இப்போதும் சர்ச்சில் பாட எழுந்தால் என் கை தானாகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. போன வாரம் பக்கத்தில் நின்றவள், "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.