தோற்பதற்குச் சாக்கு இல்லை

உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா?

இன்று சுபுஹு தொழுததும் முதல் வேலையாக நாலு சக்கரக் குவாட் பைக்கைக் கிளப்பினேன். ரபீக் என்னை விட்டுப் போனபோது எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வெறும் சட்டத்தை விட்டுப்போனாரே, அதே பந்தய வண்டிதான். பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பொருத்திவிட்டேன். கையில் சின்னதாகச் சூடு பட்டுவிட்டது, பயப்படாதீர்கள்.

நேற்று அவர் அந்த எஞ்சின் பூட்டிய புது வண்டியோடு என் பட்டறைக்கே வந்தார். "ரொம்ப சூடாவுது லா, நிலோ. உனக்குத்தான் இதோட குணம் தெரியும்."

"உங்க புதுப் பொண்டாட்டிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா?" என்றேன். ஆனாலும் குறையில்லாமல் சரிசெய்து கொடுத்தேன்.

வாப்பாவின் தடித்த முழுக்கைச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். போட்டுக்கொண்டால் வாப்பாவே கூட இருப்பதுபோல் இருக்கும்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை உம்மா. அடுத்த மாதம் உலு திராமில் நடக்கும் பந்தயத்தில் அவருக்கு எதிராக நானே ஓட்டப்போகிறேன். தோற்றபின் எஞ்சினைக் குறை சொல்ல அவருக்கு வழியிருக்கக் கூடாது.

அவசரத்தில்,
நிலோபர்