விழுந்து கிடந்த மாம்பழம்

வியேக்கஸ் தீவு,
வியாழன்

மகன் எலாதியோவுக்கு,

நீ காவல் காக்கும் சரணாலயம் அழகாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்காக அங்கிருந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டபோது அப்பாவுக்குப் பத்து வயது. அந்த வீட்டு வாசலில் அவர் நட்ட மாமரம், தளம் போன பின்னும் காய்க்கிறது.

நாங்கள் அதைப் பார்க்க வந்தபோது, கீழே கிடந்த ஒரு பழத்தை அவர் எடுத்ததும் நீ சீருடையில் வந்தாய். சுற்றுலாக்காரர்கள் முன்னால், "பெரியவரே, இங்கருந்து எதையும் எடுக்கக் கூடாது, கீழ போடுங்க" என்றாய்.

"சரிங்க ஆபீசர்" என்று போட்டுவிட்டார்.

வழியில், "அவனுக்கு வேலை முக்கியம்ல?" என்றேன்.

"அன்னைக்கு வெரட்டினவனுக்கு நான் யாருன்னு தெரியாதுடி" என்றார்.

உன் பிறந்தநாள் விருந்துக்கென்று பத்து நாளாகச் கூண்டில் அடைத்துச் சோளம் போட்டு வளர்த்த தரை நண்டுகளை, வீட்டுக்கு வந்ததும் கூண்டைத் திறந்து விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ விருந்துக்கு வந்தால் வெறும் சோறும் பீன்ஸும்தான்.

இப்படிக்கு,
அந்தப் பெரியவரின் மனைவி