ரோஸ்கோ கேட்ட வெள்ளைத் தொப்பி

டெட்ராய்ட்
ஜனவரி 16, 1974

அன்புள்ள ஆர்டெலுக்கு அம்மா எழுதுவது.

நீ நடித்த படத்தைப் பார்த்துவிட்டு உன் தங்கை வில்லெட்டின் புருஷன் ரோஸ்கோ நேற்று என் தொப்பிக் கடைக்கு வந்து, அதில் நீ போட்டிருந்த அதே வெள்ளைத் தொப்பி வேண்டும் என்றான். நாங்கள் எல்லோரும் நலம்தான், இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது, லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். கார் தொழிற்சாலையில் அவனை டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள் என்று வில்லெட் எழுதியிருப்பாள். வேலை இல்லாதவனுக்குத் தொப்பி எதற்கடா என்றேன். "ஒருத்தர் வேலை தர்றேன்னிருக்காரு அத்தை. சும்மா காரை ஓட்டிட்டுப் போய்ப் பொட்டலத்தைக் குடுத்துட்டு வரணும், அவ்வளவுதான். ஆளு மட்டும் ஜோரா இருக்கணுமாம்" என்கிறான். எந்தப் பொட்டலம் என்று நான் கேட்கவில்லை, நம் தெருவில் அதைக் கேட்க வேண்டியதில்லை. படத்தில் போதைப் பொட்டலம் விற்கிற ஆர்டெல் கடைசியில் குப்பைச் சந்தில் சுடப்பட்டுத் தனியாகச் சாகிறானே, பார்க்கவில்லையா என்றேன். "அவரு மொதல்லயே செத்துட்டாரே அத்தை! அப்புறம்தான் காரு, கோட்டு, பொண்ணுங்கன்னு ஒரே அமர்க்களம். மச்சான் ராஜா மாதிரி இருந்தாரு போங்க!" என்று சிரிக்கிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்து தியேட்டரில் படம் முடிந்ததும் மறுபடி தொடங்கி விடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நுழைந்தபோது பார்த்த இடம் திரும்ப வந்ததும் எழுந்து வந்துவிடுவோம், ஆயுள் முழுக்க நானும் அப்படித்தான் பார்த்தேன். மூன்றரை மணிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிகிறது, நான்கு மணிக்குத் திரையில் நீ சாகிறாய். வேலை போன பிறகும் ரோஸ்கோ அந்த நேரத்துக்குத்தான் போகிறான். சாகிறவன் யார் என்று தெரியாமலே பாப்கார்ன் கொறிக்கிறார்கள், எழுந்து வரும்போது நீ வெள்ளைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். கடைசிப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நடித்தேன், பார்க்கிறவன் பயந்து திருந்துவான் என்று நீ போனில் சொன்னதை நானும் நம்பி, தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். இருபது வருஷமாகத் தொப்பி விற்கிறேன் மகனே, கடைசியாகக் கண்ணாடியில் பார்த்ததைத்தான் வாங்கிப் போவார்கள். உன்மேல் தப்பில்லை, ஆனால் சரக்கு எப்படிக் கைமாறுகிறது என்று நீ பார்க்கவில்லை.

தொப்பியைத் தரவில்லை, தலை அளவுக்குச் சரிசெய்ய சனிக்கிழமை ஆகும் என்று புளுகினேன். அந்த ஆளுக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதும் சனிக்கிழமைதான். வில்லெட்டுக்கு இது ஆறாம் மாதம், அவளிடம் மூச்சு விடாதே. இதை அவசரத் தபாலில் போடுகிறேன், நீ மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்குப் போன் போடு, நான் சொன்னால் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான். படம் முடியப்போகிற நேரத்தில் ஆளை உள்ளே விடாதீர்கள் என்று கேட்க இப்போது தியேட்டர்க்காரர் பெட்டவேயிடம் போகிறேன், வந்துதான் உறையை ஒட்டுவேன். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
ஏர்னெஸ்டின்

பி.கு. போய்விட்டு வந்தேன். "ஆளை வாசல்ல நிறுத்துனா நான் ஈ ஓட்ட வேண்டியதுதான், ஏர்னெஸ்டின்! பெத்த மகன் போஸ்டரையே கடையில ஒட்ட விடாத மகராசி நீ" என்று குதித்தார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பேசி முடித்தது இது: வெள்ளி முதல் கடைசி அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடுவதில்லை. கதவைச் சாத்தி உள்பக்கம் நிற்பது ரோஸ்கோ, தினம் நான்கு முறை நீ சாவதைப் பார்த்தாக வேண்டும். ரோஸ்கோவிடம் கேட்டேன், ஒரு வாரம் பார்க்கிறேன் என்றிருக்கிறான். அதற்குப் பதிலாகத் துப்பாக்கியோடு நீ நிற்கிற போஸ்டர் ஆறு வாரம் என் கடைக் கண்ணாடியில் இருக்கும். ரோஸ்கோவுக்குச் சம்பளம் நாளுக்குப் பன்னிரண்டு டாலர், அதில் ஆறு என் கையிலிருந்து போகிறது, அது அவனுக்குத் தெரியக் கூடாது.